வாடை இல்லை

அந்த வார்த்தை வாயை விட்டு வந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர், அவருடைய அக்கா, அவருடைய மூத்த மகன், அந்த மகனின் மனைவி. திறந்திருந்த கதவுக்கு அப்பால் கட்டிலில், ஒரு பக்கம் விழுந்து பேச்சும் போன டைம்கீப்பரின் மனைவி. இந்த ஐந்து பேரும் வீட்டு மனிதர்கள். ஆறாவதாக, கத்தரிக்கோல் இரவல் வாங்க வந்த எதிர்வீட்டு டீச்சர் ஒரு கால் வாசலிலும் ஒரு கால் கூடத்திலுமாக நின்றிருந்தாள். வீட்டு விஷயம் பேசும்போது வெளி ஆள் இருக்கக் கூடாது என்பது டைம்கீப்பரின் சட்டம். அன்று அவரே அதை மறந்தார்.

வார்த்தை இதுதான்: "என் வீட்டுக்குள்ள மீன் வந்திருக்கு."

கேட்பவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. அந்த வீட்டில் அது பெரிய விஷயம். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இளைய மகன் சிநேகிதர்களோடு ஏரிக்குக் குளிக்கப் போனான். நான்காம் நாள் கிடைத்தான். எந்த நிலையில் கிடைத்தான் என்பதைப் பார்த்த வீட்டு மனிதர்கள் இரண்டு பேர்: டைம்கீப்பரும் அவர் மனைவியும். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம், மீன் கழுவும் சட்டியைக் கொல்லைச் சுவரில் அடித்து உடைத்ததுதான். அதற்குப் பிறகு அந்தச் சொல்கூட அங்கே புழங்கவில்லை. சந்தைக்குப் போனால் டைம்கீப்பர் ஒரு தெரு சுற்றிக்கொண்டுதான் வருவார்.

மருமகள் கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை பார்த்தவள். பெட்டியில் ஐஸும் மீனுமாக அடுக்கி அடுக்கி நகக்கண் வெளுத்துப்போன கைகள். மகன் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது டைம்கீப்பர் அந்தஸ்து பேசவில்லை, ஜாதகம் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். அவள் "சரி மாமா" என்றாள். மூன்று வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தாள். பிறந்த வீட்டுக்குப் போனால்கூட வயிறு சரியில்லை என்று சொல்லி வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வருவாள். இது டைம்கீப்பருக்கு அப்போது தெரியாது.

மனைவி படுத்து இரண்டு வருடமாகிறது. முதுகில் புண் வராமல் பார்க்க வேண்டும், வியர்க்க விடக் கூடாது, அறை குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்காகத்தான் அந்த வீட்டுக்கு ஏசி வந்தது. மாட்டிய ஆள், சுவரில் ஏற்கெனவே இருந்த பழைய ப்ளக் பாயிண்டிலேயே சொருகிவிட்டுப் போனான். பிறகு அந்த ப்ளக்கை மறைத்து இரும்பு பீரோவை நிறுத்தினார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஓடவிட்டால் சாயங்காலம் ஐந்துக்கு நிறுத்துவார்கள். இரவில் ஃபேன் போதும்.

அந்த ஐந்து மணி நேரமும் உள்ளே இருப்பவள் மருமகள். யூனிஃபார்ம் கம்பெனியிலிருந்து வெட்டுத்துணி வாங்கி வந்து காலர் தைப்பவள் அவள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து கைத்தையல் வேலைகளை முடித்துக்கொள்வாள். மணிக்கு ஒரு முறை மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். மெஷின் வேலையைக் காலையில் பின்கட்டில் வைத்துக்கொள்வாள். அக்காக்காரிக்கு அந்த நேரம் தூக்கம். டைம்கீப்பருக்கு முன்வாசலில் நாற்காலியும் நோட்டும்.

நோட்டு டிப்போ பழக்கம். பஸ் வந்த நேரம், போன நேரம் எழுதி எழுதி ஊறிப்போன கை சும்மா இருக்காது. ஏசியின் வெளிப்பெட்டி முன்வாசலை ஒட்டித்தான் இருந்தது. அது ஓடிய நேரம், நின்ற நேரம் எல்லாம் நோட்டில் ஏறியது. போன வருடம் பன்னிரண்டு நிமிடம் ஓடினால் ஐந்து நிமிடம் நின்றது. இந்த வருடக் கோடையில் இருபது ஓடியது, முப்பது ஓடியது; பிறகு நிற்பதையே விட்டுவிட்டது. அவரும் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதிவிட்டால் கவனித்துவிட்டதாக ஒரு திருப்தி.

"மாமா, ஏசி ஓயவே மாட்டேங்குது. ஆனா முன்ன மாதிரி குளிரும் இல்ல" என்று மருமகள் ஒரு நாள் சொன்னாள்.

"வெயில் அப்படி. நாய்கூட நாக்கைத் தள்ளிக்கிட்டு நிக்குது. அது என்ன பண்ணும்?"

"ஸ்டார்ட் ஆகும்போது டக் டக்னு ரெண்டு தடவை அடிக்குது. அப்ப ட்யூப்லைட் மங்கி எந்திரிக்குது மாமா."

"கரண்டு அப்படி."

அடுத்த வாரம் உள்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. பேசின் வைத்தார்கள். வெளியே போகும் செம்புக் குழாயில் நட்ட நடு வெயிலில் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. அக்கா அதை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் ஏசி உள்ள குளிராம வெளிய குளிருது. உன்னை மாதிரியே இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் வாடை.

முதலில் கண்டுபிடித்தது அக்காதான். சாயங்காலம் அறைக்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். உள்ளே போகவில்லை. முன்வாசலுக்கு வந்து தம்பியின் காதருகே குனிந்தாள்.

"எனக்கு வயசு எழுபத்திமூணு. கண்ணு போச்சு, காது பாதி போச்சு. மூக்கு போகல. உள்ள போய்ப் பாரு."

அவர் போய்ப் பார்த்தார். லேசாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. சட்டியில் எண்ணெய் காய்ந்து முதல் துண்டைப் போடும்போது வருமே, அந்த வாடை. மருமகள் முக்காலியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் வாடை இல்லை. மதியத்துக்கு மேல், அவள் உள்ளே இருக்கும் நேரத்தில்தான் வந்தது. நாலு நாள் நேரம் குறித்துப் பார்த்தார். நாலு நாளும் அப்படியே.

கட்டிலில் கிடந்தவளுக்கும் அது தெரிந்திருந்தது. நன்றாக இருந்த இடது கையைத் தூக்கி பீரோப் பக்கம் நீட்டுவாள். தொண்டையில் ஒரு சத்தம் வரும், கண்ணில் நீர் வழியும். அந்தப் பக்கம்தான் முக்காலி இருந்தது. முக்காலியில் மருமகள் இருந்தாள். டைம்கீப்பர் அந்தக் கை நீண்ட திசையைப் பார்த்தார். அவருடைய பார்வை முக்காலியோடு நின்றுவிட்டது.

மகனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் தலைக்குனிவு. செத்தவனுக்காக விட்டதை வீட்டுக்குள்ளேயே ஒருத்தி தின்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

தண்ணீர் சொட்டுவது அதிகமாகி பேசின் நிரம்பி வழிந்ததால் மகன் மெக்கானிக்கை வரச் சொன்னான். ஒல்லியான ஆள், வாய் ஓயாத ஆள். ஏணியில் ஏறி ஃபில்டரை உருவினான். கம்பளி மாதிரி அழுக்கு.

"சார், இது என்ன, ஸ்வெட்டர் பின்னி வச்சிருக்கீங்க?" என்றான். "ஏசியும் மனுஷன் மாதிரிதான் சார். படுக்கிறதுக்கு முன்னாடி நாலு தடவை சொல்லிட்டுத்தான் படுக்கும். நாமதான் காதுல போட்டுக்க மாட்டோம். சொல்லுங்க, சத்தம் வருதா?"

"வருது. ஆரம்பிக்கும்போது டக் டக்னு."

"லைட் மங்குதா?"

"மங்குது."

"நிக்காம ஓடுதா?"

டைம்கீப்பர் நோட்டைத் திறந்து தேதிவாரியாகப் படித்தார். மெக்கானிக் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். "சார், நீங்க எங்க கம்பெனிக்கு வந்துருங்க. சரி, கடைசியா ஒண்ணு. வாடை ஏதாவது வருதா?"

மருமகள் கதவோரம் நின்றிருந்தாள். "மாமா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ உள்ள போம்மா."

அவள் போனாள்.

"வாடை இல்லை" என்றார் டைம்கீப்பர்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார். சில பேர் சொல்லக் கூச்சப்படுவாங்க. ஒரு வீட்ல..."

"இந்த வீட்ல எந்த வாடையும் கிடையாதுன்னு சொல்றேன்ல?"

அவர் குரலில் டிப்போ வந்துவிட்டது. எத்தனையோ டிரைவர்களை வாயடைக்க வைத்த குரல். மெக்கானிக் தன் சர்வீஸ் அட்டையில் 'வாடை இல்லை' என்று எழுதிக்கொண்டான். "அப்ப பீரோவை நகர்த்த வேண்டாம். ப்ளக்ல கோளாறுன்னா முதல்ல மூக்குக்குத்தான் தெரியும். ஃபில்டர் கழுவிட்டேன், ட்யூபு அடைப்பு எடுத்துட்டேன். வெளிப்பெட்டி மூச்சு முட்டிக் கிடக்கு. அதை அடுத்த வாரம் கழட்டிடலாம்" என்றான். அவன் கேள்வியில் குற்றம் இல்லை. பதில்தான் பொய்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாடை முன்னைவிடப் பலமாக வந்தது. அடக்கிவைத்தது அன்று உடைந்தது. மகன் வேலை முடிந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தான். டீச்சர் கத்தரிக்கோலுக்கு வந்திருந்தாள். அவர் சொன்னார். சொன்னது மேலே இருக்கிறது.

மகன் முகத்தில் ஈயாடவில்லை. "என்னப்பா சொல்றீங்க?"

"உன் பொண்டாட்டியைக் கேளு."

"மாமா, சத்தியமா நான் இல்ல" என்றாள் மருமகள். "அந்த வாடை எனக்கும் வருது. அத்தைக்கும் வருது. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு மெக்கானிக் வந்தப்ப..."

"மெக்கானிக்கிட்டயா? வெளி ஆள்கிட்ட என் வீட்டு மானத்தை எடுத்து வைக்கப் பார்த்தியா?"

அக்கா அதற்குள் மருமகளின் தையல் பையைக் கொட்டிவிட்டாள். காலர்கள், நூல்கண்டு, பொத்தான் டப்பா, ஒரு சீப்பு. வேறொன்றும் இல்லை.

"இதுல இருக்காது. சாப்பிட்டாச்சுல்ல, இனிமே எங்க இருக்கும்?" என்றாள் அக்கா. "கையைக் காட்டு."

மருமகள் இரண்டு கைகளையும் நீட்டினாள். எழுபத்திமூன்று வயதுக்காரி குனிந்து மோந்தாள். நிமிர்ந்து ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தானே தவிர வாயைத் திறக்கவில்லை. டீச்சர் கத்தரிக்கோல் வாங்காமலே போய்விட்டாள்.

"இனிமே நீ அந்த ரூமுக்குள்ள போக வேண்டாம்" என்றார் டைம்கீப்பர். "அக்கா பார்த்துக்குவா."

அக்கா ஒரு நாள் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் நாள் குளிர் எலும்பில் இறங்குகிறது என்று கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் பாய் விரித்தாள். நோயாளியை மணிக்கு ஒரு முறை புரட்டிப் போட ஆள் இல்லை. அக்கா தெளித்த வாசனைத் தண்ணீரின் நெடியில் மற்ற வாடை அமுங்கிப்போனது.

நாலாம் நாள் மதியம். அனல் காற்று. தெருவில் ஒரு ஆள் இல்லை. பின்கட்டில் மெஷின் சத்தம் நின்றது. மருமகள் முன்வாசலுக்கு வந்து, நாற்காலிக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"மாமா. அந்த வாடை இப்ப வருது."

அவர் நிமிரவில்லை.

"நான் நாலு நாளா உள்ள போகல மாமா. பெரியத்தையைக் கேளுங்க. நான் இல்லாமயே வருது. லைட்டும் மினுக்கு மினுக்குனு அடிக்குது. நீங்களே வந்து ஒரு தடவை பாருங்க."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. தன்னை உத்தமி என்று காட்டிக்கொள்ள நாடகம் ஆடுகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் கூப்பிட்டு உடனே எழுந்து போவது தோற்றுப்போவது மாதிரி இருந்தது.

"வர்றேன் போ. நீ உள்ள போகாதே."

நோட்டில் கோடு போட்டார். பேனாவை மூடினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவள் அசையாமல் நின்றாள். பிறகு கதவடியில் புகை வந்ததைப் பார்த்தது அவள்தான். அவர் பேச்சை அவள் மீறியது அந்த ஒரு தடவைதான்.

பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்து, திரைச்சீலை எரிந்துகொண்டிருந்தது. திரையிலிருந்து தீ மெத்தை விளிம்புக்கு வந்திருந்தது. உருகிச் சொட்டிய பிளாஸ்டிக்கை வெறுங்கையால் தட்டிவிட்டுக்கொண்டே மாமியாரைப் போர்வையோடு சுருட்டிக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். டைம்கீப்பர் மெயின் சுவிட்சை அணைத்தார். அக்கா பாயில் உட்கார்ந்து கத்தினாள். தெரு ஆட்கள் மணல் கொண்டுவந்து கொட்டினார்கள்.

நெருப்பு நோயாளியைத் தொடவில்லை. புகை போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காலை அவள் மூச்சு நின்றது. அதே ஆஸ்பத்திரியில், கீழ்த்தளத்தில், மருமகளின் இரண்டு கைகளையும் முழங்கைவரை கட்டியிருந்தார்கள். வலது கை விரல்கள் மடங்குமா என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் தீயணைப்பு ஆபீசர் வந்தார். மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் முகம் செத்துக்கிடந்தது. வந்ததிலிருந்து ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. பாத்திரம் கொடுக்கிற சாக்கில் டீச்சரும் வந்து தூணோரம் நின்றாள்.

"ரூம்ல அந்தப் பொண்ணு இஸ்திரிப்பெட்டி ஏதாவது போடுவாளா?" என்று ஆபீசர் கேட்டார். "தையல் வேலை செய்யறவங்கன்னு சொன்னாங்க."

அக்கா முந்திக்கொண்டாள். "என்னென்ன போட்டாளோ, யார் கண்டா? நாங்க உள்ள போறதில்ல. அவ ராஜ்யம்."

"அடுப்புகூட இருந்துச்சுன்னு தெருவுல பேசிக்கறாங்க சார்" என்றாள் டீச்சர். "நான் பார்க்கல. பேசிக்கறாங்க."

ஆபீசர் எழுத ஆரம்பித்தார். மருமகளின் கவனக்குறைவு என்று எழுதப் போகிறார் என்பது பேனா போன போக்கிலேயே தெரிந்தது. மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று வாய் திறக்காதவனுக்கு இன்றும் வரவில்லை.

உள்ளே போயிருந்த மெக்கானிக், சுவரிலிருந்து ப்ளக் பாயிண்டின் மிச்சத்தைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். கருகிச் சுருண்ட கட்டி.

"லூஸ் கனெக்‌ஷன் சார். ஏசி ஓயாம இழுத்திருக்கு, இது காய்ஞ்சுகிட்டே இருந்திருக்கு. ஒரு நாள்ல ஆனதில்ல, வாரக்கணக்குல ஆனது" என்றான். டைம்கீப்பரைப் பார்த்தான். "இந்த மாதிரி பிளாஸ்டிக் காய்ஞ்சா அப்படியே மீன் வறுக்கிற வாடைதான் வரும். வந்திருக்கணுமே சார்? நான் கேட்டேனே. நீங்க இல்லைன்னீங்களே."

அக்கா தரையைப் பார்த்தாள்.

ஆபீசர் கேட்டார்: "வாடை வந்ததா, இல்லையா?"

இல்லை என்று இன்னொரு முறை சொன்னால் போதும். அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. வீட்டின் பெயர் அப்படியே இருக்கும். மனைவியைக் கொன்றது விதி என்றாகும்; கவனக்குறைவு வெளியிலிருந்து வந்தவளோடு போகும். அக்கா தம்பியின் முழங்கையை லேசாகத் தொட்டாள். அவர் கையை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றார். டிப்போவில் மேலதிகாரி முன் நிற்பது போல நிமிர்ந்து நின்றார்.

"எழுதிக்குங்க" என்றார். "வாடை மூணு வாரமா வந்துச்சு. என் மருமக மீன் தின்னான்னு நினைச்சேன். வெளியில சொன்னா கேவலம்னு மெக்கானிக்கிட்ட இல்லைன்னு பொய் சொன்னேன். அவ சொல்ல வந்தா, நான் சொல்ல விடல. ரூமுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னது நான். அங்க இஸ்திரிப்பெட்டி கிடையாது, அடுப்பு கிடையாது. சம்பவத்தன்னிக்கு மூணு பத்துக்கு என்கிட்ட வந்து வாடை வருதுன்னு சொன்னா. மூணு பதினேழுக்குத்தான் நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சேன். நடுவுல இருக்கிற ஏழு நிமிஷம் என்னுது. அதை வேற யார் பேர்லயும் எழுதாதீங்க."

"ஐயா, இதெல்லாம் அவ்வளவு விலாவாரியா..."

"முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் லேட்டானதை எழுதியிருக்கேன். இதையும் எழுதுங்க."

ஆபீசர் எழுதினார். டைம்கீப்பர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். மருமகள் கட்டுப்போட்ட கைகளைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி படுத்திருந்தாள். அவளுடைய அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனாள். வாங்க என்று சொல்லவில்லை.

"வாடை வந்துச்சுன்னு சொல்லிட்டேன்மா" என்றார்.

"யார்கிட்ட மாமா?"

"எல்லார்கிட்டயும். எழுதிக் கொடுத்தாச்சு."

அவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர் இருந்தாங்களா?"

"இருந்தா. காதால கேட்டா. இனி தெருவுல ஒருத்தன் வாய் திறக்க மாட்டான்."

"திறப்பாங்க மாமா" என்றாள் மருமகள். "நீங்க சொன்னதுல ஒண்ணும் சுவாரசியம் இல்லையே."

அவர் நின்றார். முக்காலி ஒன்று இருந்தது. உட்காரச் சொல்லி அவள் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அப்படியே நின்றிருந்தார். கைகள் ஆறியதும் அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். மகனும் கூடப் போனான்.

அந்த வீட்டு மருமகள் நோயாளியின் அறைக்குள் ரகசியமாக அடுப்பு வைத்து மீன் பொரித்தாள், அதிலிருந்துதான் தீப் பிடித்தது என்று அந்தத் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். அவள் அந்த வீட்டில் ஒரு நாளும் மீன் சமைக்கவில்லை.